டோர்ட்மண்டில் ஒன்றாம் வகுப்பு: முப்பது நிமிடமும் இருபது புளியங்கொட்டையும்

மகளை ஒன்றாம் வகுப்பில் விட்டபோது நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் செப்டம்பர் 30க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளை அந்த ஆண்டே பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய கிண்டர்கார்டனில் எழுத்து சொல்லித் தருவதில்லை. விளையாட்டு, மணல், ஒட்டுவது, வெட்டுவது, மழையிலும் வெளியே போவது, அவ்வளவுதான். திருச்சியில் என் அக்கா மகன் அதே வயதில் எல்கேஜி, யூகேஜி முடித்து ஆங்கிலக் கதையே வாசித்துக்கொண்டிருந்தான், இவளுக்கோ தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்தப் பயத்தில்தான் பெரிய தவறைச் செய்தேன். கோடை விடுமுறை முழுக்க அவளை உட்கார வைத்து, நான் படித்த மாதிரியே, ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுத்தேன். ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பு, ஷுல்டூட்டே என்பார்கள். நம் ஊரில் விஜயதசமிக்கு அரிசியில் அ எழுத வைக்கிற மாதிரி இவர்களுக்கு இது. சந்தோஷமாகத்தான் போனாள். மூன்றாவது வாரம் வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார். சொல்லச் சொல்ல எழுதும்போது பிள்ளை ஈ என்ற ஒலி வரும் இடத்திலெல்லாம் E போடுகிறாள், ஏ வரும் இடத்தில் A போடுகிறாள், வீட்டில் யாராவது ஆங்கில எழுத்துகள் சொல்லித் தந்தீர்களா என்று கேட்டார்.

நான்தான். ஜெர்மனில் A என்றால் ஆ, E என்றால் ஏ, I என்றால் ஈ. நான் ஆங்கிலத்தில் சொன்ன ஏ-யும் ஈ-யும் இங்கே இன்னொரு எழுத்தின் ஒலி. இன்னொன்றும் உண்டு. பள்ளியில் எழுத்தின் பெயரையே முதலில் சொல்லித் தருவதில்லை, ஒலியைத்தான் தருகிறார்கள். M என்றால் எம் இல்லை, ம்ம்ம். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்ட அட்டை ஒன்று இருக்கும், A-வுக்கு குரங்கு, ஜெர்மனில் அஃப்பெ. பிள்ளை சொல்லின் ஒலிகளைக் காதால் பிரித்து, அட்டையைப் பார்த்து எழுதுகிறது. யோசித்துப் பாருங்கள், நாம் தமிழில் க், ங், ச் என்று ஒலியோடுதானே படித்தோம், எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்! அந்த அட்டையின் நகல் ஒன்றை வாங்கிவந்து சமையலறைக் கதவில் ஒட்டினேன். ஆங்கிலப் பெயர்களை நிறுத்திவிட்டேன். குழப்பம் தீர தீபாவளி வரை ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பள்ளி திறக்கும்முன் எழுத்து சொல்லிக் கொடுக்காதீர்கள். கத்தரிக்கோல் பிடிக்க, ஜாக்கெட் ஜிப் போட, ஷூ மாட்ட, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள்.

அடுத்து எண்கள். ஒன்றாம் வகுப்பில் இருபது வரைதான், ஆனால் அந்த இருபதுக்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது. 13 ஜெர்மனில் ட்ரைட்சேன், அதாவது மூன்று-பத்து. காதில் மூன்று முதலில் விழுவதால் பிள்ளை 3 எழுதிவிட்டு 1 எழுதுகிறது, 31 ஆகிவிடுகிறது. வகுப்பிலுள்ள ஜெர்மன் பிள்ளைகளும் இப்படித்தான் மாற்றி எழுதுகிறார்களாம். இதில் நம்மிடம் ஒரு வசதி உண்டு. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, எல்லாவற்றிலும் பத்து முதலில் வருகிறது, எழுதும் வரிசையும் அதுவே. புளி ஊறவைக்கும்போது கிடைத்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து இருபது எடுத்துக்கொண்டேன். மேல் வரிசையில் பத்து, கீழே மூன்று. முதலில் தமிழில் சொல்லி எழுதுவாள், அப்புறம் அதையே ஜெர்மனில் சொல்வாள். ஒரு மாதத்தில் மாற்றி எழுதுவது ஏறக்குறைய நின்றது.

அதே கொட்டைகளை வைத்துத்தான் பத்தின் ஜோடிகளையும் பழகினோம். 7க்கு 3, 6க்கு 4, 8க்கு 2. இங்கே இவற்றைக் காதலிக்கும் எண்கள் என்கிறார்கள், ஃபெர்லீப்டெ ட்சாலன். 8+5 என்றால் விரல் விட்டு ஒவ்வொன்றாக எண்ணாமல், 5-இலிருந்து 2 எடுத்து 8-ஐப் பத்தாக்கி, மீதி 3 சேர்த்து 13. நான் விரல் விட்டுத்தான் சொல்லிக் கொடுக்கப் போனேன், அவள் என் கையை மடக்கிவிட்டு இப்படிச் செய்துகாட்டினாள்.

வீட்டுப்பாட விஷயத்தில் என்னை மாற்றியது ஒரு விதி. எங்கள் மாநிலத்தில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் ஒரு நாளைக்கு 30 நிமிடத்துக்குள் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, அழித்து அழித்துத் திரும்ப எழுத வைத்துக்கொண்டிருந்தேன், அவளும் அழுதுகொண்டே எழுதினாள். ஆசிரியர் சொன்னார்: முப்பது நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள், முடியாததன் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள், தவறுகளை விட்டுவிடுங்கள், அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று நான் பார்க்க வேண்டும். நான் திருத்தி அனுப்பிய நோட்டைப் பார்த்து அவருக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கிறது. அந்த இரவு பிள்ளையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விழித்திருந்தேன்.

அதே சந்திப்பில், இனி வீட்டில் ஜெர்மனில் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், ஜெர்மன் எங்கள் வேலை என்றார். பெரிய பாரம் இறங்கியது. இப்போது ராத்திரி தமிழில் ஒரு கதை, அதை மறுநாள் காலை அவள் அப்பாவிடம் திரும்பச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஈழத்துக் குடும்பங்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே எழுத்து கூட்டிப் படிக்க அவளுக்குச் சிரமமே இல்லை, ஏனென்றால் ஜெர்மன் பாடத்திலும் அசை அசையாகக் கைதட்டித்தான் வாசிக்கிறார்கள், அவளுடைய வாசிப்புப் புத்தகத்தில் அசைகள் நீலமும் சிவப்புமாக மாறி மாறி அச்சிடப்பட்டிருக்கும்.

ஆண்டு முடிவில் அறிக்கை வந்தது. மதிப்பெண் கிடையாது, எல்லாம் வாக்கியங்கள். ரேங்க் எத்தனை என்று அம்மா போனில் கேட்டார், ரேங்க் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. இருபது வரை உறுதியாகக் கணக்குப் போடுகிறாள், தினமும் சத்தமாக வாசிக்கப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நூலகத்தில் அவளுக்கு அட்டை வாங்கிவிட்டோம், காசு கேட்கவில்லை. இந்த விடுமுறையில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் அவள் வாசிக்கிறாள், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கிறேன்.