சட்டைகளுக்குள் ஒரு டெனர்

பதினோரு ஆண்டுகளாக என் துணி அலமாரியின் முன் நின்று, தொங்கும் சட்டைகளுக்குள் டெனர் சாக்சபோனின் விரிந்த முன்வாயைத் திணித்துக்கொண்டு சாதகம் செய்கிறேன். டிரம்பெட் வாசிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதில் ஒலி முழுவதும் முன்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓர் அடைப்பானைச் செருகினால் அடங்கிவிடும். சாக்சபோனில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் ஒலி கசியும். முன்வாயை அடைத்தால் அடிச் சுரங்கள்தான் கெட்டுப்போகும், மற்றவை சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இந்தச் சட்டைகளால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. நான் முயற்சி செய்கிறேன் என்பதற்குச் சாட்சி, அவ்வளவே.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். சண்டைக்கு வரவில்லை. "தம்பி, மகளுக்குப் பரீட்சை. பத்து நாள் மட்டும் கொஞ்சம் நிறுத்திவைக்க முடியுமா?" என்றார். தாராளமாக என்றேன். திரும்பிப் போகிறவர் வாசலில் நின்று, "கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் ஒரு பாட்டையாவது முழுதாக வாசித்து நாங்கள் கேட்டதில்லையே?" என்றார்.

உண்மைதான். நான்கு சுரங்களை எடுத்து மேலும் கீழும் ஒரு மணி நேரம் ஓட்டுவேன். கேட்பவருக்கு அது யாரோ ஒரே வார்த்தையைத் திக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

வாசிக்காத அந்தப் பத்து நாளும் அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் சன்னி ராலின்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாக்சபோன்காரனுக்குப் பக்கத்து வீட்டுப் பிரச்சினை வந்தால் அவர் நினைவு வராமல் இருக்காது. 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். இளமையில் ஹெராயின், சிறை, பிறகு சிகிச்சை என்று எல்லாம் பார்த்து மீண்டவர். 1956இல் 'சாக்சபோன் கொலாசஸ்' இசைத்தட்டுக்காக வாசித்துப் பதிவுசெய்தபோது வயது இருபத்தைந்து. 1959 கோடையில், புகழின் உச்சியில் இருக்கும்போது, கச்சேரிகளை நிறுத்திவிட்டார். தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதற்கும் தன் வாசிப்புக்கும் இடையே தூரம் இருப்பதாக அவருக்குப் பட்டது. வீட்டில் அசுர சாதகம் செய்யலாம் என்றால் பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். ரயில் அதிர்ந்து ஓடும், கீழே ஆற்றில் படகுகள் ஊதும். குளிர்காலத்திலும் அங்கேதான். சில நாட்களில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல்.

1961இன் இறுதியில் மேடைக்குத் திரும்பினார். மறு ஆண்டு 'த பிரிட்ஜ்' இசைத்தட்டு வந்தது. அதில்தான் பலருக்கு ஏமாற்றம். அவர் பாலத்தில் நின்ற அந்த இரண்டு ஆண்டுகளில் ஆர்னெட் கோல்மன் என்ற இன்னொரு சாக்சபோன்காரர் நியூயார்க்குக்கு வந்து ஜாஸையே கலைத்துப் போட்டிருந்தார். ராலின்ஸும் ஏதோ புதுமொழியோடு இறங்கி வருவார் என்று காத்திருந்தார்கள். அவரோ ஜிம் ஹாலின் கிட்டாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆறு உருப்படிகளில் நான்கைப் பழைய பாட்டுகளாக வாசித்தார். இருபது வயதில் முதன்முதலாகக் கேட்டபோது நானும் "இதற்காகவா இரண்டு வருடம்?" என்றுதான் நினைத்தேன். இருபது வயதில் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்போம்.

ஒரே சமயத்தில் யோசிக்கவும் வாசிக்கவும் முடியாது என்று ராலின்ஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் மனம் போனபடி வாசிக்கலாம்' என்று முடிவுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படைப்பாற்றல் என்ற சொல்லே எனக்கு அலுத்துவிட்டது. பயிலரங்குகளில் அதிகம் புழங்கிய சொல். மனோதர்மம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, அதில் தர்மமும் இருக்கிறது. மேடையில் யோசிக்காமல் இருக்க வேண்டுமானால், யோசிப்பதையெல்லாம் முன்பே யோசித்துத் தீர்த்திருக்க வேண்டும்.

நான் தீர்க்கவில்லை. எங்கள் நால்வர் குழுவின் பாஸ் வாசிப்பவன் சொல்லித்தான் அது தெரிந்தது. ஜாஸ் பாட்டில் பல்லவி மாதிரியான பகுதி இரண்டு முறை வந்தபின் வேறு பக்கம் திரும்பும் எட்டுத் தாள அளவுகளையும் பிரிட்ஜ் என்போம். "பிரிட்ஜில் நீங்கள் என்ன வாசிக்கப்போகிறீர்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது அண்ணா. ரொம்ப வசதியாக இருக்கிறது" என்றான். மனதாரப் பாராட்டினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராலின்ஸ் அதன் பிறகும் ஒருமுறை ஒதுங்கினார். அறுபதுகளின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து பம்பாயின் பவாய் ஆசிரமத்தில் தங்கினார். உட்கார்ந்து தியானம் செய்ய அவருக்கு வரவில்லை, வாத்தியம் வாசிப்பதே தியானம் என்று தெளிந்தார். எனக்கு இந்தக் கதையைவிட அதற்குப் பிந்தைய பகுதிதான் முக்கியம். நுரையீரல் திசு இறுகிப்போகும் நோயால் 2012க்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. சில காலத்தில் வீட்டிலும் வாசிக்க முடியாமல் போயிற்று. தியானமாக இருந்தது எதுவோ அதுவே போய்விட்டது. முதலில் நொந்துபோனதாகவும், பிறகு இவ்வளவு காலம் வாசிக்கக் கிடைத்ததே என்று நன்றி தோன்றியதாகவும் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த முதல் பாதி எளிதாகப் புரிகிறது.

பத்து நாளும் ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டினேன். சாவிகள் துளைகளில் உட்காரும் 'டப் டப்' சத்தம் மட்டும். பிரிட்ஜ் வந்ததும் விரல்கள் தாமாகவே பழைய இடத்துக்கு ஓடின. ஒலி இல்லாதபோது அது அப்பட்டமாகத் தெரிந்தது. நிறுத்தினேன், திரும்பவும் ஓடின.

பதினோராம் நாள் அலமாரியைத் திறந்தேன். ஊதும் முனையில் பொருத்தும் நாணல் சீவலான ரீட் காய்ந்து நுனி அலையலையாக நெளிந்திருந்தது. நாதஸ்வரக்காரர்கள் தங்கள் சீவாளிகளை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டு எவ்வளவு அக்கறையாகக் காக்கிறார்கள். புதிய ஒன்றை வாயில் ஊறவைத்துப் பொருத்தி, ஆக அடியில் இருக்கும் சுரத்தை ஊதினேன். பிளிறிக்கொண்டு உடைந்தது. ஐந்து முறை உடைந்தது. ஆறாவது முறை முழுதாக வந்தது, நீளமாக, மூச்சு முடியும்வரை. ஹேங்கரிலிருந்து ஒரு சட்டை நழுவி என் காலடியில் விழுந்தது.