மூன்று கோடையாக ஏசி கேஸ் ஏற்றிய காரில் கசிவைத் தேடிய கதை

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா 2004-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். அவருக்கு இப்போது 74 வயது. வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டார். திருச்சி வெயிலில் இதிலேயே தஞ்சாவூர் வரை போய் வருவார். ஏசி மறுபடியும் படுத்துவிட்டது.

2022-லிருந்து ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு கடையில் கேஸ் ஏற்றிக்கொண்டு வருவோம். ஆடி பிறப்பதற்குள் ஏசி வெறும் காற்றைத்தான் ஊதும். மூன்று வருடமும் யாரும் கசிவைத் தேடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த வருடம் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட் ஒன்று வாங்கி நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கார் ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் போகலாம். மூன்றே மாதத்தில் மொத்தமும் காலி என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இன்று செய்தது இவ்வளவுதான். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கேஜை மாட்டினேன். இந்தக் காரில் இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் ஒழுங்காக இருந்தால், 32 டிகிரி வெயிலில் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இரண்டு பக்கமும் (ஓடும்போது அழுத்தம் குறைவாக இருக்கும் லோ சைடு, கூடுதலாக இருக்கும் ஹை சைடு) 100 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே காட்டும். எனக்குக் காட்டியது 20. கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் ஏன் ஒட்டவில்லை என்பதும் புரிந்துவிட்டது: அழுத்தம் ஏறத்தாழ 2 பாருக்கு (சுமார் 29 பிஎஸ்ஐ) கீழே போனால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குக் கரண்ட் விடாது. அந்தச் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். கம்ப்ரஸருக்கு எண்ணெயைக் கொண்டுபோவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோகும்.

ஏப்ரல் 12, சனி

தெரிந்த ஏசி மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் தன் மெஷினில் இழுத்துக்கொண்டார். ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,400 மடங்கு. அதை ரோட்டில் திறந்துவிட எனக்கு மனது வரவில்லை. பிறகு கசிவைத் தேடுவதற்காக, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் போட்டு 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றிக் கொடுத்தார். ரெகுலேட்டர் இல்லாமல் நைட்ரஜன் சிலிண்டரை வண்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அந்த இடத்தில் ஆக்சிஜனை ஏற்றினால் வெடிக்கும்.

“எண்ணெய் எங்க கசிஞ்சிருக்கோ அங்கதான் தம்பி ஓட்டை. முதல்ல கண்ணால தேடுங்க, அப்புறம் சோப்புத் தண்ணி” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து டார்ச்சோடு உட்கார்ந்தேன். முன் பம்பருக்குப் பின்னால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குள் குழாய் நுழைகிற இணைப்பில் மட்டும் தூசி கருப்பாக, பிசுக்காகப் படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த புழுதிதான். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷால் அங்கே தடவினேன். உடனே எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து இணைப்பின் கீழ் விளிம்பில் கடுகு அளவில் வெள்ளையாக ஒரு நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மிளகு அளவாகி, திராட்சைக் கொத்து போலத் திரண்டது. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். அதே இடம், அதே நுரை. மூன்று வருடம் ஏற்றிய கேஸ் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஒன்று கிடைத்ததே என்று நிறுத்திவிடாமல் எல்லா இணைப்புகளையும் பார்த்தேன். லோ சைடு சர்வீஸ் வால்வின் மூடி தொலைந்து எத்தனை நாளாயிற்றோ தெரியவில்லை. அதன் உள்ளே இருக்கும் பின்னிலும் மெல்லிய குமிழ் வந்தது. டயர் வால்வில் இருப்பது போன்ற பின்தான் அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நைட்ரஜனை மெதுவாக வெளியேவிட்டு, கண்டென்சர் இணைப்பின் போல்ட்டில் 10 எம்எம் ஸ்பேனரைப் போட்டேன். அசையவே இல்லை. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் இருபது வருடம் சேர்ந்து இருந்தால் உப்புப் பூத்து ஒட்டிக்கொள்ளும். முறுக்கினால் போல்ட் தலை உடையும், அப்புறம் கண்டென்சரையே மாற்ற வேண்டியதுதான். துரு விடுவிக்கும் ஸ்பிரேயை அடித்து விட்டுவிட்டேன். சாயங்காலம் மறுபடி அடித்து, போல்ட் தலையில் சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டினேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்தேன். முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை அளவு, பிறகு கழற்றுகிற பக்கம். ‘டக்’ என்று விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பாவும் வெளியே வந்துவிட்டார்.

உள்ளே இருந்த ஓ-ரிங் (இணைப்பில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) வட்டமாக உருண்டு இருக்க வேண்டியது, தட்டையாகி நாடா மாதிரி கிடந்தது. நகத்தால் வளைத்தேன், விளிம்பு விரிசல் விட்டு உடைந்தது. கடைகள் திறக்காததால் திறந்த குழாய் வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து வைத்தேன். உள்ளே ஈரக்காற்று போகக் கூடாது.

ஏப்ரல் 19, சனி

பழைய ஓ-ரிங்கை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். ஏசிக்கென்று வருகிற ஓ-ரிங்தான் வேண்டும், பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். குழாய் வேலைக்கான சாதாரண ரப்பர் இந்தக் கேஸுக்கும் எண்ணெய்க்கும் தாங்காது. புது வால்வு பின், மூடிகள், புது டிரையர் எல்லாம் வாங்கினேன். டிரையருக்குள் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள். சிஸ்டத்தைத் திறந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது, இதுவோ இருபது வருடப் பழசு. மூடியைக் கழற்றியதும் அது காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். அதனால் கடைசியாக மாட்டினேன்.

ஓ-ரிங்கில் தடவியதும், டிரையர் மாற்றியதற்காக 15 மில்லி சேர்த்ததும் கம்ப்ரஸர் லேபிளில் போட்டிருந்த அதே பாக் 46 என்ற ஏசி கம்ப்ரஸர் எண்ணெய். இன்ஜின் ஆயில் இங்கே ஆகாது.

அப்புறம் வாடகை வேக்குவம் பம்ப். இது காற்றை இழுப்பதற்கு மட்டும் இல்லை. கேஜில் 29 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட முழு வேக்குவம் வரும்போது தண்ணீர் நம் ஊர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். ஈரம் தங்கினால், கேஸ் குளிர்கிற இடமான எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் ஐஸ் கட்டி அடைக்கும். 45 நிமிடம் ஓட்டினேன். வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முள் 25-க்கு வந்திருந்தது. மனசு விட்டுப்போனது. எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டுமோ என்று நினைத்தேன். நல்லவேளையாக முதலில் கேஜின் ஹோஸ்களைப் பார்த்தேன். லோ சைடில் மாட்டுகிற நீல ஹோஸின் உள்வாஷர் கிழிந்திருந்தது. மாற்றி, மறுபடி 45 நிமிடம் ஓட்டி, ராத்திரி முழுக்க விட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முள் அதே 29-ல் நின்றிருந்தது.

பானெட் ஸ்டிக்கரில் கேஸ் அளவு 500 கிராம். சமையலறைத் தராசில் கேஸ் டின்னை நிற்கவைத்து எடை பார்த்தபடியே ஏற்றினேன். டின்னிலிருந்து கேஜுக்கு வரும் மஞ்சள் ஹோஸில் இருந்த காற்றை ஒரு நொடி வெளியேவிட்டு ஆரம்பித்தேன். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். திரவம் தோலில் பட்டால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற பொருள் சதையையே உறையவைக்கும்.

முதல் பாதியை வேக்குவமே இழுத்துக்கொண்டது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, லோ சைடு வழியாக மட்டும், டின்னை நேராக நிறுத்தி. கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரஸரை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது ஹை சைடுக்கான சிவப்பு வால்வைத் திறந்தால் அழுத்தம் டின்னுக்குள் திரும்பி டின் வெடிக்கலாம். டின் குளிர்ந்து வேகம் குறைந்தபோது வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் வைத்தேன். தீயைக் கிட்டேயே கொண்டுவரவில்லை.

கடைசி நிலவரம்: வெளியே 35 டிகிரி, லோ சைடு 35 பிஎஸ்ஐ, ஹை சைடு 220. நடு வென்டில் செருகிய தெர்மாமீட்டர் ஓடும்போது 8 டிகிரி, சிக்னலில் நிற்கும்போது 13. அப்பா முன் சீட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “கண்ணாடிய ஏத்திவிடுடா” என்றார்.

மே 25, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் முடியப்போகிறது. ஐந்து வாரத்தில் தஞ்சாவூருக்கு மூன்று தடவை போய் வந்தாயிற்று. இன்று காலை ஆறிய இன்ஜினில் கேஜ் மாட்டினேன், இரண்டு பக்கமும் 100. சோப்புத் தண்ணீரில் நுரை எங்கும் இல்லை. ஆனால் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று வெளியே எடுக்காமல் எடைபோட்டுப் பார்க்க முடியாது, அதனால் ஆடியிலும் வென்ட் வெப்பத்தைக் குறித்துவைக்கப் போகிறேன்.

ப்ளோயர் முதல் இரண்டு வேகத்தில் சுற்றவில்லை, மூன்றிலும் நான்கிலும் மட்டும் சுற்றுகிறது. வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் போயிருக்கும். அடுத்த ஞாயிறு டேஷ்போர்டுக்கு அடியில் படுக்க வேண்டும்.