பச்சை மையும் தினசரி எழுத்தும்

அக்டோபர் 4, சேலம்

டயமைன் கம்பெனியின் ஷெர்வுட் கிரீன் என்ற பேனா மை கைக்கு வந்துவிட்டது. சின்ன 30 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில். 1864-இல் தொடங்கிய கம்பெனி, இப்போது லிவர்பூலில் இருக்கிறது. தினமும் எழுத ஒரு பச்சை வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கடையில் கிடைத்த பச்சைகள் பகலில் கண்ணுக்கு இதமாக இருந்தன. ராத்திரி டியூப் லைட்டில் வெளிறிப் போய், படிக்கவே சிரமம். இது அடர்பச்சை, லேசாக நீலம் கலந்தது. எழுத்து சுழிந்து முடியும் இடத்தில் மை தேங்கிக் கறுக்கிறது. அதற்காகவே 'ழு', 'ணை' என்று ஒரு பக்கம் எழுதினேன்.

அக்டோபர் 6

காபி எஸ்டேட் கணக்குக்கு வைத்திருக்கும் சாதா நோட்டில் மீடியம் நிப் சரிப்படவில்லை, மறுபக்கம் தெரிகிறது. ஃபைன் நிப் பரவாயில்லை.

அக்டோபர் 9, ஏற்காடு

என் பேனா எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். உடம்பிலேயே நேராக மை ஊற்றுகிற வகை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்கு வரும்போது காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பேனாவில் பாதி காற்று இருந்தால் அது விரிந்து, மையை நிப் வழியாக வெளியே தள்ளும். அதனால் கிளம்பும் முன் கழுத்துவரை ஊற்றி, நிப் மேலே பார்க்கச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். ஒரு சொட்டு கசியவில்லை. மலைக்கு இங்க் பேனா கொண்டு வருபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

ஆபீசில் காலையிலிருந்து பனிமூட்டம். அதே நோட்டு, அதே ஃபைன் நிப். ஆனால் தாள் ஈரம் பூத்துக் கிடப்பதால் கோட்டின் ஓரத்தில் மை முடிமுடியாகப் பரவுகிறது. காயவும் நேரமாகிறது. ஒற்றுத்தாள் இல்லாமல் பக்கத்தைத் திருப்ப முடியாது. நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அக்டோபர் 10

வவுச்சர் ஒன்றில் பச்சையில் கையெழுத்துப் போட்டேன். "அண்ணா, எப்போ கெஜட்டட் ஆபீசர் ஆனீங்க?" என்றான் ஸ்டோர் பையன். கேள்வியில் நியாயம் உண்டு. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டில் பச்சை மை இணைச் செயலர் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு, அதுவும் அபூர்வமாக. எஸ்டேட்டுக்கு அந்த விதி இல்லை. ஆனால் எங்கள் ஆடிட்டர் டிக் போடுவது பச்சையில்தான். நானும் பச்சையில் எழுதினால் எது யாருடையது என்று குழப்பம் வரும். ஆகவே மஸ்டர் ரோலும் (ஆட்களின் வருகைப் பதிவேடு) வவுச்சரும் நீலத்திலேயே இருக்கட்டும். கூரியர் கவரில் விலாசத்துக்குப் பால்பாயிண்ட். சாய மைகள் பெரும்பாலும் மழைத்தண்ணீர் பட்டால் நிற்பதில்லை.

அக்டோபர் 15, சேலம்

ஃபேனுக்கு அடியில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஃபோன் பேசினால் நிப் உலர்ந்துவிடுகிறது. ஈரத்துணியில் ஒரு முறை துடைத்தால் உடனே ஓடுகிறது, அது போதும்.

நாட்குறிப்பு, கடிதங்கள், காபிச் செடிகளைப் பார்த்து வந்ததும் எழுதும் குறிப்புகள், இவற்றுக்கு இனி இந்தப் பச்சைதான். நேற்று ராத்திரி கண்ணாடி போடாமலே நாலு பக்கத்தைத் திரும்பப் படிக்க முடிந்தது. எனக்கு அதைவிடப் பெரிய தகுதி ஒரு மைக்கு வேண்டியதில்லை. சின்ன பாட்டில் தீர்ந்ததும் 80 மி.லி. கண்ணாடி பாட்டில் வாங்கப்போகிறேன்.