ஸ்டீரியோ பிராக்டிகல்: ஸ்பீக்கரை நகர்த்தும் முன் ஒயரைப் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோவில் பாஸ். தியரியில் சுமார்தான், பிராக்டிகலில், அதிலும் மானிட்டர் செட்டப் (குரல் நடுவில் நிற்கும்படி ஸ்டீரியோ ஸ்பீக்கர் ரெண்டையும் சரியாக வைப்பது) கேள்வியில் கிடைத்த மதிப்பெண்தான் மொத்தத்தையும் தூக்கிவிட்டது. ஜூனியர்கள் பலரும் அதைப் பற்றியே கேட்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரெக்கார்டு நோட்டு, நேரம், மதிப்பெண் பிரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: உள்ளே போனதும் ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். முதலில் மோனோ (ரெண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சிக்னல்) போட்டுக் கேளுங்கள்.

அந்த அறைக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஸ்பீக்கர் ரெண்டும் இருக்கையும் சேர்ந்து சமபக்க முக்கோணம், நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி, ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் என்று படித்ததையெல்லாம் உடனே செய்யத் தோன்றும். ஆனால் தேர்வுக்கு வைக்கும் செட்டப்பில் கோளாறு ஒன்றோடு நிற்பதில்லை. எங்களுக்கு வைத்ததில் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பும் கறுப்பும் மாற்றிச் செருகப்பட்டிருந்தன. வலது ஸ்பீக்கர் இருக்கைக்குக் கொஞ்சம் கிட்டே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஒயர் மாறிக் கிடக்கும்போது ஸ்பீக்கரை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குரல் நடுவில் நிற்காது. நேரம்தான் போகும்.

பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) மோனோவில் விட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் அது ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, மூன்றாவது ஸ்பீக்கர் ஒன்று அங்கே இருப்பதுபோல ஒரு கை அகலத்துக்குள் நிற்க வேண்டும். எனக்கோ அது எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. தலைக்குள்ளேயும் பின்பக்கமும் பரவிக்கிடந்தது, அடிப்பாகம் (பேஸ்) மெலிந்துபோயிருந்தது. ஆம்ப்பை அணைத்து ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிச் செருகி மறுபடி விட்டதும் பேஸ் வந்துவிட்டது. நாய்ஸும் ஒரே கட்டியாக முன்னால் வந்தது, ஆனால் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அப்போதுதான் தூரத்தை அளக்கப் போனேன்.

இங்கேதான் வைவாவின் மொத்த விஷயமும் இருக்கிறது. போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மாறினால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே மாதிரி தலைகீழாகும். தூரம் மாறினால் வருவது தாமதம். அதனால் உண்டாகும் ஃபேஸ் (அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) மாற்றம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறு. வலது ஸ்பீக்கர் 11 செ.மீ. கிட்டே இருந்தால் அதன் ஒலி சுமார் 0.32 மில்லி செகண்ட் முந்தி வருகிறது. 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டருக்கு மேல், அங்கே இந்த 11 செ.மீ. வெறும் 11, 12 டிகிரிதான்; பேஸுக்கு ஒன்றும் ஆகாது. 1,500 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்திலோ அதுவே அரை அலைநீளம், ரெண்டும் எதிரெதிராக வந்து சேரும். ஆகவே பேஸ் காணாமல்போய் குரலும் சிதறினால் முதலில் ஒயரைச் சந்தேகியுங்கள். பேஸ் இருந்தும் குரல் ஒரு பக்கம் இழுத்தால் தூரம், அல்லது லெவல். அறையே அந்த இருக்கையில் பேஸைத் தின்றுவிடுவதும் உண்டு. ஒயரை மாற்றிப் போட்டுக் கேட்டால் அதுவும் தெளிந்துவிடும்: பேஸ் கூடும் பக்கமே சரியான பக்கம்.

அடுத்தது பலர் மதிப்பெண் விடும் இடம். கோரிலேஷன் மீட்டர் (ரெண்டு சேனலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) +1 பக்கம் அழகாக நிற்கிறதே, ஃபேஸ் சரிதான் என்று எழுதிவிடுகிறார்கள். மீட்டர் பார்ப்பது கன்சோலுக்குள் ஓடும் சிக்னலை. ஆம்ப்புக்கு அந்தப் பக்கம் ஒயர் மாறியிருப்பது அதற்குத் தெரியாது. பதிவிலேயே ஒரு சேனல் தலைகீழாக இருந்தால் மோனோ பட்டனை அழுத்தியதும் நடுவில் இருந்த குரல் ஒரே ஸ்பீக்கரில் கேட்டாலும் மறைந்துபோகும். ஸ்பீக்கர் ஒயர்தான் மாறியிருக்கிறது என்றால் தனித்தனியாக ரெண்டும் நன்றாகவே பாடும்; சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் கெடும். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) என்னிடம் இதைத்தான் சுற்றிச்சுற்றிக் கேட்டார்.

தூரம் அளக்க என் முறை: இருக்கையில் தலை வரும் இடத்தில் மைக் ஸ்டாண்ட் ஒன்றை நிறுத்தி, அதில் நூல் கட்டி, இடது ட்வீட்டர் வரை இழுத்து அந்த இடத்தில் முடிச்சுப் போடுவேன். அதே நூலை வலது பக்கம் கொண்டுபோனால் முடிச்சு எங்கே விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். டேப்பின் நுனியைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாம், எண்ணைத் தப்பாகப் படிக்கவும் வழியில்லை. தூரம் சமமானதும் குரல் நடுவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் இழுத்திருந்தால் எஸ்பிஎல் (ஒலி அளவு) மீட்டரில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாக அளந்து லெவலைச் சரிசெய்திருப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் பக்கச்சுவர்: ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் திரை என்று இருந்தால் பிம்பம் (ஒலி வருவதாகத் தோன்றும் இடம்) சாயத்தான் செய்யும்.

வைவாவுக்கு:

- 1 மில்லி செகண்ட் = சுமார் 34 செ.மீ. இது ஒன்று போதும், பாதிக் கணக்கு மனதிலேயே வரும்.
- பின்சுவர் ரத்து (சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியைக் கெடுப்பது): ஸ்பீக்கர் முகப்புக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இடையே கால் அலைநீளம். 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம். அரை மீட்டர் என்றால் 172.
- ஆலன் பிளம்லைன், இஎம்ஐ, 1931 டிசம்பரில் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமை. வருடம் கேட்பார்கள்.
- ஹெல்முட் ஹாஸ், 1949. முந்தி வரும் ஒலியே திசையைத் தீர்மானிக்கிறது. 1 மில்லி செகண்டுக்குள் பிம்பம் மெல்ல நகரும்; அதைத் தாண்டினால் முந்திய ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்ளும்.
- எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் உள்ள ஆடியோ கனெக்டர்) பின் 2 ஹாட், அதாவது பிளஸ். பழைய கருவிகள் சிலவற்றில் பின் 3.
- கண்ணாடி சோதனை: பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தி, இருக்கையிலிருந்து ட்வீட்டர் தெரியும் இடத்தில் ஒலியை உறிஞ்சும் பலகையை வையுங்கள்.

தியரியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. போலாரிட்டியும் 180 டிகிரி ஃபேஸும் வேறு வேறு என்று விளக்கி எழுதிய விடைக்குப் பாதி மதிப்பெண்தான் விழுந்தது. விடைக்குறிப்பில் ரெண்டும் ஒன்று என்றே இருந்ததாம். சரியாக எழுதியதற்கு மதிப்பெண் குறைந்தது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் "தாமதம் இல்லாமல் எல்லா அதிர்வெண்ணிலும் 180 டிகிரி" என்று எழுதுங்கள். உண்மையும் கெடாது, திருத்துபவர் எதிர்பார்க்கும் எண்ணும் அதில் இருக்கும்.

பயிற்சியைக் கூட்டமாகச் செய்யாதீர்கள். ஸ்வீட் ஸ்பாட்டில் (ஸ்டீரியோ சரியாகக் கேட்கும் இடம்) ஒரு தலைக்குத்தான் இடம். பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பது வேறு பிம்பம், அவர் சொல்வதை நம்பி உங்கள் காதைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கூட்டமாகப் படித்தும் நன்றாக வந்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. காலையில் வகுப்புக்கு முன் லேப் காலியாக இருக்கும்போது போய், வேண்டுமென்றே ஒரு பக்க ஒயரை மாற்றி வைத்து, அந்தக் கெட்ட சத்தத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் அதை ஒரு நொடியில் பிடித்துவிடலாம்.

எங்களுக்கு சப்வூஃபர் வரவில்லை, உங்களுக்கு வரலாம். கிராஸ்ஓவர் (சப்பும் மெயின் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்) 80 ஹெர்ட்ஸ் என்றால் அதே 80 ஹெர்ட்ஸ் டோனை விட்டு, இருக்கையில் உட்கார்ந்து, சப்பின் போலாரிட்டி ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் சத்தம் கூடுகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். இதையும் மெயின் ஸ்பீக்கர் ரெண்டின் ஒயரும் சரி என்று உறுதியான பிறகே செய்ய வேண்டும்.