மலைமேல் காத்திருக்கும் மாதா

2022-ல் டிசம்பர் 18 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சென்னைப் பரங்கிமலை மாதாவுக்கு அன்று திருநாள். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறும் அதுதான். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் விழும் வருடங்களில்தான் திருவருகைக் காலம் முழுசாக 28 நாள் இருக்கும். திங்கட்கிழமையில் வந்தால் 22 நாளிலேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு காத்திருப்பு ஓடிக்கொண்டிருந்த வருடம் பார்த்து அதுவும் நீண்டுகொண்டது.

அக்டோபர் கடைசியில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. 16 வருடம் பார்த்த வேலை. அதை முடித்துவைத்த கூட்டம் 20 நிமிடம்கூட நடக்கவில்லை என்றார். அப்புறம் எங்கள் வீடே ஒரு லேப்டாப்பைச் சுற்றித்தான் நடந்தது. எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு? முதல் வாரம் அதில் அவர் போட்ட தொகையும் தெரியும், ஏழாவது வாரம் போட்ட தொகையும் தெரியும். டீயைக் கொண்டுபோய் வைக்கும்போது கண்ணில் படத்தானே செய்யும்.

என் மாமியாருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் சொந்த ஊர். பரம்பரையாக சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. நான் கத்தோலிக்கக் குடும்பம். நான் பூசை என்பதை அவர் ஆராதனை என்பார். என் சூசையப்பர் அவருக்கு யோசேப்பு, இயேசுவின் சீடரான என் தோமையார் அவருக்கு வெறும் தோமா. இதெல்லாம் 19 வருடத்தில் இரண்டு பேருக்கும் பழகிப்போயிற்று. மாதா விஷயத்தில் மட்டும் அத்தை பிடிகொடுக்க மாட்டார். "மரியாள் நல்ல மனுஷி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். மகனைப் பார்த்துக்கொள்ள டிசம்பர் முதல் வாரம் வந்தவர், மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தில் கரையேறிய ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜன்னல் தாங்கவா, மகனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்கு மலைக்கு நானும் வாரேன்" என்றார். நான் வியந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "மாதாவுக்காக இல்ல. தோமா வந்த எடத்த ஒருதரம் பாத்துரணும்" என்று சேர்த்துக்கொண்டார். கணவர் வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோ. மேலே வரை வண்டிப் பாதை உண்டு. ஆட்டோக்காரரும் அதில்தான் போகப் பார்த்தார். அத்தை படி ஏறித்தான் வருவேன் என்று அடிவாரத்திலேயே இறங்கிவிட்டார். 71 வயது, முழங்கால் வலி வேறு.

அந்தப் படிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் கட்டியவை. மலைக்கு வரும் ஜனங்கள் அடையாற்றைத் தாண்டச் சிரமப்படுகிறார்களே என்று 1726-ல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டிக் கொடுத்தவரும் இவர்தான். இன்று அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது மலைக்குப் போகிறவர்களுக்காகப் போட்ட வழி என்று தெரியும்? எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

படிகள் 135 என்பார்கள். அத்தையின் எண்ணிக்கையில் 141 வந்தது. நடுவில் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் நின்ற படியை மறுபடி எண்ணியிருப்பார் என்பது என் கணக்கு. வழியோரம் சிலுவைப் பாதையின் 14 நிலைகள், இயேசுவின் பாடுகளைக் காட்டுபவை. அதெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு உரியது. டிசம்பரில் யாரும் நின்று ஜெபிக்க மாட்டார்கள். அத்தை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்றார். பக்தியா, முழங்காலா? கேட்டால் கோபித்துக்கொள்வார்.

மேலே இருக்கும் கோவில் சின்னது. போர்த்துக்கீசியர் கட்டியது. வெள்ளையடித்த சுவர், ஓட்டுக்கூரை. உள்ளே பீடத்தில் ஒரு கற்சிலுவை. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. நுனிகள் மொட்டுப்போல விரிந்திருக்கும், உச்சியில் தலைகீழாக இறங்கும் ஒரு புறா, சுற்றிலும் வளைவாகப் பாரசீகப் பகலவி எழுத்து. தோமையாரே செதுக்கியது, அதன்முன் ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் அவரை ஈட்டியால் குத்தினார்கள் என்பது நம் முன்னோர் சொல்லிவந்த மரபு. 1558-ல் இதே டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது இந்தச் சிலுவை இரத்தமாக வேர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்தது என்றும் சொல்வார்கள். இப்போது அது கருத்து, காய்ந்த கல். விசேஷ நாளில் பூவும் விளக்கும் மறைக்காமல் அதைப் பார்ப்பதே கஷ்டம்.

அத்தை தோமாவுக்காக வந்தவர் என்பதால் சிலுவையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே, "இங்க மாதாவுக்கு என்ன பேரு?" என்றார்.

காத்திருக்கும் மாதா என்று சொன்னேன். பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் மாதா. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பெயர். திருநாள் அதைவிடப் பழையது. பிள்ளை பிறக்கப்போவதை வானதூதர் மாதாவிடம் சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. அது பெரும்பாலும் தவக்காலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, மனம்விட்டுக் கொண்டாட முடியவில்லை என்று 656-ல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள் டிசம்பர் 18-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். பிறப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். நிறைமாதம்.

"மாசமா இருக்கிறவளுக்குத் திருநாளா?" என்றார் அத்தை. "எங்க பக்கத்துல அப்படி ஒண்ணு கெடையாது." குரலில் குறை இருந்ததா, ஏக்கம் இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு நற்செய்தி மத்தேயு முதல் அதிகாரம், மாதாவை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தூதர் வந்த சூசையப்பரின் கனவு. சின்ன வயதிலிருந்து கேட்ட வாசகம்தான். அன்று மட்டும் வேறு மாதிரி கேட்டது. நான்கு நற்செய்தியிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக எழுதப்படவில்லை. படுத்தார், கனவு கண்டார், எழுந்தார், சொன்னபடி செய்தார். மனைவியோடு என்ன பேசினார், ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுத்தார், தச்சுவேலை நடந்ததா இல்லையா, ஒன்றும் இல்லை. ஏழு வாரமாக வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருத்தரை விட்டுவிட்டு நான் மலையேறி வந்திருந்தேன். பிரசங்கத்தில் பாதி எனக்குக் காதில் விழவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் மேல்தளத்திலிருந்து ஊரே தெரியும். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையத்து ஓடுபாதை. கண்ணுக்கு நேராக இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வில்லியம் லாம்டன் 1802-ல் இந்தியா முழுவதையும் அளக்கத் தொடங்கியது இந்த மலையை ஒட்டித்தான், அவருக்கு இங்கே சிலையும் உண்டு. அத்தைக்கு அதிலெல்லாம் சுவாரஸ்யம் இல்லை. நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

எங்களுக்குள் எப்போதும் ஒரு சின்ன வழக்கு உண்டு. அவர் படிக்கும் பழைய வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நான் படிக்கும் திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அவருக்கு இரண்டாவதாக இருக்கும் நம்பிக்கை எனக்கு முதலாவதாகப் போய்விட்டது. "நல்ல வார்த்தைய எடம் மாத்திட்டு, ஆபீஸ் வார்த்தைய நடுவுல வச்சிருக்கீங்க" என்பார். எதிர்நோக்கு என்றால் கடிதத்தின் கடைசியில் 'தங்கள் பதிலை எதிர்நோக்கும்' என்று எழுதுவோமே, அதுதான் அவருக்கு நினைவு வருமாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சொல் ரொம்ப நாள் ஒட்டவில்லை. அந்த வருடம் வேறு, என் கணவர் எழுதிய மின்னஞ்சல் அத்தனையும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்தது.

முறுக்கைக் கடித்துக்கொண்டே அத்தை திடீரென்று, "இவன் வயித்துல இருந்தப்போ இவங்க அப்பா பம்பாய்ல" என்று தொடங்கினார். மாமா அங்கே கடையில் வேலை. நாலு மாதம் பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. ஊரில் தலைக்கு ஒன்றாகப் பேசினார்கள். "எனக்கும் பயந்தான் பிள்ள. ஆனா ராத்திரி படுத்தா இவன் உதைப்பான். விலா எலும்புலயே உதைப்பான். ஒருத்தன் வாரான், அது நிச்சயம். அவன் மூஞ்சி எப்படின்னு தெரியாது, ஆணா பொண்ணா தெரியாது, பெத்துப் பொழைப்பனான்னும் தெரியாது. ஆனா வாரான்."

கொஞ்ச நேரம் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோமாவுக்குத் தொட்டுப் பாத்தாத்தான் நம்பிக்கை. காயத்துல விரல் விடணும்னு நின்னான். உங்க மாதாவுக்கு வெளியருந்து யாரும் காட்ட வேண்டாம். உள்ளருந்து உதைக்குதுல்லா."

உங்க மாதா என்றுதான் சொன்னார். அதையும் நான் கவனித்தேன்.

தோமையார் மலையில் ஏன் காத்திருக்கும் மாதாவுக்குக் கோவில் என்று நான் யோசித்ததே கிடையாது. பார்த்தால்தான் நம்புவேன் என்றவரின் மலையில், இன்னும் பார்க்காத பிள்ளையின் அசைவை அறிந்துகொண்டிருப்பவள். கண்ணால் காண்பதை யாராவது எதிர்நோக்குவார்களா என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கேட்கிறார். எத்தனை திருவருகைக் காலங்களில் அந்த வரியைக் கேட்டிருப்பேன். படிவத்தில் போட்டுப் போட்டுக் குறைத்த எதிர்பார்ப்பு வேறு, இது வேறு என்று எனக்குப் பிடிபட்டது முறுக்கும் கையுமாக உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான். இயேசு வருகிறார் என்பது எங்கள் வீட்டு நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு முடிவாகிற விஷயம் இல்லை. வேலை வந்தாலும் வராவிட்டாலும் அவர் வருகிறார். இதை நான் பெரிய தெளிவாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது, அவ்வளவுதான்.

இறங்குவதற்கு முன்னால் அத்தை, "ஒரு நிமிஷம் இரு" என்று தனியாகக் கோவிலுக்குள் போய்வந்தார். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறங்க மட்டும் வண்டிப் பாதைதான், ஆட்டோதான்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். மார்ச்சில் கிடைத்தது, பழையதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. அதையும் இந்த மலையையும் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. ஜனவரியும் பிப்ரவரியும் அதற்கு முந்தைய மாதங்களைவிட மோசமாகத்தான் போயின.

எங்கள் வீட்டில் திருவருகைக் கால வளையம் வைப்போம். பாரிமுனையில் வாங்கிய பிளாஸ்டிக் இலை வளையம், நான்கு மெழுகுவத்திகள். ஊதா நிறத்தில் கிடைக்காததால் வெள்ளை மெழுகுவத்தியின் அடியில் ஊதாக் காகிதம் சுற்றியிருந்தேன். மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி, ராத்திரி ஜெபத்தின்போது ஏற்றுவோம். அதனால் நான்காம் ஞாயிறு வரும்போது நான்கும் நான்கு உயரத்தில் படிக்கட்டுபோல நிற்கும். நான்காவதன் திரி இன்னும் வெள்ளை. முதலாவது கிட்டத்தட்டத் தரையோடு தரை.

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினா, பிரான்ஸ். அதற்குள் ஜெபத்தை முடித்துவிடவேண்டும் என்று எங்கள் மகன் எட்டு மணிக்கே தீப்பெட்டியோடு நின்றான். கணவர் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது எல்லாம் ஏறின. முதலாவது பிடிக்கவில்லை. திரி உருகிய மெழுகுக்குள் முங்கிக் கிடந்தது. மூன்று தடவை முயன்ற பிறகு, "இது போதும்மா, மூணு எரியுதே" என்றான் மகன்.

இத்தனை வருடமாக வளையத்தை 'உங்க வீட்டு அலங்காரம்' என்று சொல்லிவந்த அத்தை எழுந்துபோனார். அடுக்களையிலிருந்து எவர்சில்வர் மூடி ஒன்றும் ஒரு ஊக்கும் கொண்டுவந்தார். மெழுகுத் துண்டை வளையத்திலிருந்து பெயர்த்து, மூடியைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தி, ஊக்கு முனையால் திரியைச் சுற்றி மெல்லக் கிண்டினார். நகக்கண் அளவுக்குத் திரி வெளியே வந்தது.

"இதுதானே முதல்ல இருந்து எரியுது" என்றவர், தீப்பெட்டியை மகனிடமிருந்து வாங்கி என் கணவரிடம் நீட்டினார். "ஏத்துல."