பின்கதவு வழியாக வரும் செம்புழுதி

ஆஸ்திரேலியாவின் பாலைவனத்துக்குள் போகும் ஊட்னடாட்டா ட்ராக் என்ற மண் ரோட்டில் முதல்முறை போனபோது, வில்லியம் கிரீக் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். பைகளுக்கு மேலே வைத்திருந்த மகளின் தலையணை, வெள்ளை உறை போட்டது, செங்கல் நிறத்தில் கிடந்தது. ட்ராக் தொடங்கும் மாரீ ஊரிலிருந்து அங்கே வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எல்லா ஜன்னலையும் இறுக மூடி, ஏசியை உள்காற்றே சுற்றும்படி வைத்துத்தான் ஓட்டினேன். அப்படியும் பல்லில் நறநறவென்று மண். மகளுக்கு வீசிங் உண்டு, அன்று ராத்திரி கூடாரத்தில் விடியும்வரை இருமிக்கொண்டே இருந்தாள். ஊர் திரும்பியதும் புழுதி எப்படி உள்ளே வருகிறது என்று தேட ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

பஸ் ஒன்று வேகமாகப் போனால் சருகும் காகிதமும் அதன் பின்னாலேயே சுழன்று ஓடும், பார்த்திருப்பீர்கள். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் எந்த வண்டியும் ஓடும்போது அதன் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைந்துவிடும், நாமே கிளப்பிய புழுதி அந்த இடத்தில் வந்து சுழலும். உள்ளே அழுத்தம் அதைவிடக் கொஞ்சம் குறைந்தால் போதும், பின்கதவின் ரப்பரில் எங்கே ஒரு முடி அளவு இடைவெளி இருக்கிறதோ அங்கே வண்டியே புழுதியை உறிஞ்சிக்கொள்ளும். முன் ஜன்னலை லேசாக இறக்கினால் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாக வெளியே இழுபட, அதற்கு ஈடாகப் பின்பக்கத்திலிருந்து புழுதி வரும்.

ஆக நான் ஏசியில் செய்தது நேர்த் தப்பு. வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஃபேனை இரண்டு அல்லது மூன்றில் ஓடவிட வேண்டும். முன்பக்கம் கேபின் ஃபில்டர் வழியாக வரும் காற்று உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கும், இடுக்குகளில் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. எதிரே லாரி வந்து ஒரே புகைமூட்டமாக இருக்கும் அரை நிமிடத்துக்கு மட்டும் உள்சுற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், தாண்டியதும் மறக்காமல் திருப்பிவிட வேண்டும். பணம் செலவில்லாத இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது என்பது என் அனுபவம். ஃபில்டர் மட்டும் புதிதாக இருக்கட்டும். அடைத்துப்போன ஃபில்டரை வைத்துக்கொண்டு ஃபேனைக் கூட்டினால் சத்தம்தான் வரும், காற்று வராது.

மீதிப் பாதி ரப்பர். ராத்திரி இருட்டில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து கதவு ஓரமாக ஒளியை நகர்த்த, இன்னொருவர் வெளியே நின்று பார்த்தால் பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். சின்னதற்குக் காகிதம்தான். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும். இப்படியே நானும் மனைவியும் பின்கதவைச் சுற்றிச் சாண் சாணாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். எல்லா இடத்திலும் பிடித்த காகிதம் கீழ் இடது மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் அந்த மூலையில் ரப்பர் தட்டையாகி, அதன்மேல் விசிறி விரித்தது போலச் சிவப்புக் கோடுகள். புழுதி தான் வந்த வழியைத் தானே வரைந்து வைத்திருந்தது.

அந்தக் கதவில் உபரிச் சக்கரம் வேறு தொங்குகிறது. கொரகேஷன் ரோட்டில், அதாவது தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் விழுந்த மண் ரோட்டில், மணிக்கணக்காக ஆடிஆடிக் கதவு சற்றுத் தொய்ந்துவிட்டது. பூட்டு மாட்டும் கொக்கியைத் தளர்த்தி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முறுக்கியதும் மேல்பக்கம் நன்றாக இறுகியது. ரப்பரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதி இளகிவிடும், புழுதியும் ஒட்டிக்கொள்ளும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை டேப் போட்டு அடைக்கும் யோசனையும் வேண்டாம், தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும்.

பின் பம்பருக்குள் மறைவாக, உள்காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் பல வண்டிகளில் உண்டு. மடலில் மண் சிக்கித் திறந்தபடி நின்றுவிட்டால் அதுவே புழுதிக்கு வாசல். சுத்தம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

யூட், அதாவது பின்னால் சாமான் தொட்டி உள்ள பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பாடு வேறு. நண்பனுடைய வண்டியில் டெயில்கேட்டின், அதாவது தொட்டியின் பின்கதவின் கீல் பக்கம் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதற்கென்றே விற்கும் ரப்பர் பட்டையை ஒட்டிய பிறகும், தொட்டியை மூடும் கூண்டான கேனப்பிக்குள் புழுதி குறையவில்லை. கடைசியில் கேனப்பி முகப்பில் ஃபில்டரோடு ஒரு காற்றுத் துவாரம் வைத்தான். ஓடும்போது அது காற்றை உள்ளே தள்ளி அழுத்தத்தைக் கூட்டும், அப்புறம்தான் அடங்கியது. வெறும் அடைப்பு மட்டும் போதாது என்று அவன் வண்டியைப் பார்த்துத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இன்ஜினின் ஏர் ஃபில்டரைப் புழுதி நாட்களில் தினமும் மாலை கழற்றிப் பாருங்கள், கூடவே புதிது ஒன்று இருக்கட்டும். புல்டஸ்ட் என்று சொல்லும் மாவு போன்ற அந்த நுண்புழுதி ஃபில்டரைத் தாண்டினால் இன்ஜினைத் தேய்த்துவிடும்.

முன்னே போகும் வண்டியின் புழுதிக்குள் ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நேரம் ஆனால் ஆகட்டும், அது அடங்கும் தூரத்துக்குப் பின்தங்கிவிடுங்கள். பல டிரெய்லர்களை இழுத்துப்போகும் ரோடு ட்ரெயின் லாரி என்றால் 53.5 மீட்டர் நீளம்வரை இருக்கும், புழுதிச் சுவருக்குள் அதன் வால் எங்கே என்றே தெரியாது. யுஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் டிரைவரிடம் பேசி, அவர் சரி என்று சொன்ன பிறகு முந்துங்கள், இல்லையென்றால் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் வரத்தான் செய்யும். படுக்கை, மகளின் மருந்து, கேமரா எல்லாம் இப்போது மூடியில் ரப்பர் வளையம் வைத்த பெட்டிகளில்தான் போகின்றன. உள்ளே படிந்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சேறாகித் துணி இருக்கையில் கறை ஏறிவிடும். முதலில் பிரஷ், பிறகு வேக்யூம்.

அடுத்த பயணம் ஜூலையில், பேர்ட்ஸ்வில் ட்ராக் என்ற இன்னொரு மண் ரோடு, 517 கிலோமீட்டர். பின்கதவுக்குப் புது ரப்பர் வந்துவிட்டது, சனிக்கிழமை மாட்டப் போகிறேன். காகிதம் பிடித்து இழுக்கிற வேலை தன்னுடையது என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.