ஆறு புள்ளி இரண்டு

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் என் மேஜை முன்னால் நின்று அழுபவர்கள் அரியர் வைத்தவர்கள் இல்லை. அவர்கள் கேன்டீனில் இருப்பார்கள். அழுவது பத்துப் புள்ளிக்கு 9.6 வைத்திருக்கும் பிள்ளைகள்தான். ஏதோ ஒரு பாடத்தில் ஓ போய் ஏ பிளஸ் வந்திருக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் எல்லை மாறாத கிரேடு முறையில் 91 முதல் ஓ கிரேடு, 10 புள்ளி. 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 9 புள்ளி. ஆக, 81 எடுத்தவளும் 90 எடுத்தவளும் ஒன்றுதான். பள்ளமெல்லாம் 90க்கும் 91க்கும் நடுவில். அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்பார்கள். 13 மார்க் பதிலுக்கு 11 போடலாமா 12 போடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் நான், எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வராது.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. டூ மார்க் பதில்களைப் பாத்ரூமில் ஒப்பித்துப் படித்தவள்தான் நானும். டிஸ்டிங்ஷனுக்கு 8.5 போதும். கேம்பஸுக்கு வரும் ஐடி கம்பெனிகள் பலவும் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 7.2ஐயும் 9.8ஐயும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரே டெஸ்ட் எழுதச் சொல்வார்கள். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். இருந்தும் ஒப்பித்தேன்.

போன வருடம் முதலாமாண்டு லேப். ஜீனர் டயோடு பரிசோதனை. டயோடைத் தலைகீழாக இணைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது கரண்டை விட்டுவிடும், அதற்குமேல் அதன் குறுக்கே வோல்டேஜ் அவ்வளவாக ஏறாது. எங்கள் மேனுவலில் அது 6.2 வோல்ட். கடைசி மேஜைப் பையன் வந்தான். ஏற்கெனவே இரண்டு அரியர்.

"மேம், எனக்கு 5.1லயே நின்னுடுது."

"கனெக்‌ஷன் சரியா பாரு" என்றேன். மல்டிமீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பவும் 5.1 என்றே எழுதிக்கொண்டு வந்தான். கிராஃபும் கோணல். பத்துக்கு 7 போட்டேன். முன் மேஜையில் எங்கள் 9.7 பெண். அட்டவணை, கிராஃப், அடிக்கோடு எல்லாம் அச்சடித்த மாதிரி. ரிசல்ட் 6.2. பத்துக்குப் பத்து.

சாயங்காலம் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பாகங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். "மேடம், டப்பா மாறிப்போச்சு" என்று ஒரு டயோடை நீட்டினார். கண்ணாடி உடம்பில் எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 4733. எங்களுக்கு வேண்டியது 4735. 4735தான் 6.2 வோல்ட். 4733 என்றால் 5.1.

ஆறு மேஜைக்கும் அதே டப்பாதான். அன்றைக்கு எந்த மீட்டரிலும் 6.2 வந்திருக்கவே முடியாது. நோட்டுகளைப் புரட்டினேன். அந்தப் பையனையும் இன்னொருத்தியையும் தவிர எல்லோரும் 6.2. சீனியர் ரெக்கார்டு எங்கெங்கே சுற்றியிருக்கிறது என்று புரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் என் கையெழுத்து.

அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். டயோடு மாறியதை, நான் மீட்டரைப் பார்க்காததை. அவன் நோட்டில் 7ஐ அடித்துப் பத்தாக்கினேன். "பரவால்ல மேம்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த 5.1 எழுதிய இன்னொருத்தி சிரித்தாள்.

9.7 பெண் கை தூக்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேம், அப்போ ரெக்கார்டுல 5.1னு மாத்தணுமா? மாத்துனா மார்க் குறையாதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒயிட்னரை எடுத்துவிட்டாள்.